மேடையில் சிரிக்கிறார்கள், மலரில் வெட்டுகிறார்கள்: கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளின் நாடகமும் இதழும்

மெய்ப்புநோக்கி (இழையைத் தொடங்கியவர்)

ஒரு கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஆண்டு மலர், நாடக மன்றம் இரண்டையும் இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மலருக்கு வந்த படைப்புகளை ஃபாதரிடம் கொடுத்தேன். விடுதிச் சாம்பாரைக் கிண்டல் செய்த கவிதை போச்சு. நூலகப் பீரியடில் கணக்கு நடத்துவதைப் பற்றி ஒரு பத்தாம் வகுப்புப் பையன் எழுதிய நல்ல கட்டுரையும் போச்சு. மிஞ்சியது 'காலம் பொன் போன்றது', 'அன்னையின் அருமை' வகையறா. அதுகூடப் பரவாயில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான். எனக்குப் புரியாதது வேறு. விடுதி விழாவில் பையன்கள் ஒரு நாடகம் போட்டார்கள். அதில் இதே சாம்பார் வந்தது, இதே ஃபாதர் வந்தார், அவருடைய இருமலும் வந்தது. ஃபாதர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். முடிந்ததும் நடித்தவனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார்.

மேடைக்கு ஒரு சட்டம், அச்சுக்கு ஒரு சட்டமா? மற்ற பள்ளிகளில் எப்படி? வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லிஃபிக்கரை

சார், உங்கள் ஃபாதருக்கு டப்ளினில் ஒரு முன்னோடி இருக்கிறார். அங்கே பெல்வடியர் கல்லூரி என்று இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் நடத்தும் ஆண்கள் பள்ளி உண்டு. பெயரில்தான் கல்லூரி, உண்மையில் பள்ளிக்கூடம். 1832இல் தொடங்கியது. நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அங்கே படித்தவர். 1898இல், அவருக்குப் பதினாறு வயது இருக்கும்போது, பள்ளியில் 'வைஸ் வெர்ஸா' என்ற நாடகம் போட்டார்கள். ஆன்ஸ்டி எழுதிய நகைச்சுவைக் கதை. அப்பா மகன் உடம்புக்குள் போய் போர்டிங்கில் மாட்டிக்கொள்வார், மகன் அப்பா உடம்பில் வீட்டில் ஜாலியாக இருப்பான். ஜாய்ஸுக்குக் கிடைத்தது அந்த போர்டிங் பள்ளியின் தலைமையாசிரியர் வேடம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுதிக்கொடுத்த பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் சொந்தப் பள்ளியின் ரெக்டர், அதாவது தலைவர், ஃபாதர் ஹென்றியாகவே மாறிவிட்டார். ரெக்டர் அடிக்கடி சொல்லும் வாக்கியங்கள், கையசைப்பு, தோரணை, எல்லாம் அச்சு அசல். கூட நடித்தவர்கள் சிரித்துச் சிரித்து வசனத்தை மறந்தார்கள். கீழே பையன்கள் கூரை பறக்கக் கத்தினார்கள். முன்வரிசையில் இருந்த ரெக்டர்? அவரும் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கண்டிப்பும் கிடையாது. கூடப் படித்த யூஜின் ஷீஹி பின்னாளில் நீதிபதியாகி எழுதிய நினைவுக் குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சந்தேகப்பேர்வழி

நல்ல கதை. ஆனால் இது ரெக்டர் நல்ல மனிதர் என்பதைத்தான் காட்டுகிறது. மேடைக்கு ஒரு சட்டம், அச்சுக்கு ஒரு சட்டம் என்று இதிலிருந்து எப்படி வரும்? அதே ஜாய்ஸ் அச்சில் எழுதி வெட்டுப்பட்டிருந்தால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

லிஃபிக்கரை

வெட்டுப்பட்டார். நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள்.

பள்ளியை முடித்து யுனிவர்சிட்டி காலேஜ் போகிறார். அப்போது அதுவும் இயேசு சபையினர் கையில்தான். 1900 ஜனவரியில் அங்குள்ள இலக்கிய வரலாற்றுச் சங்கத்தில் நாடகம் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க ஏற்பாடு. முதல்வர் ஃபாதர் டிலேனி முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, நாடகத்துக்கு அறநோக்கம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, மாற்று என்றார். பையன் மாற்றவில்லை. நேரே போய் வாதாடினான். டிலேனி இறங்கி வந்தார், கட்டுரை அப்படியே வாசிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1901 அக்டோபர். கல்லூரிக்குப் புதிதாக ஒரு மாணவர் இதழ் வந்திருக்கிறது, பெயர் 'செயின்ட் ஸ்டீஃபன்ஸ்'. ஜாய்ஸ் அயர்லாந்து இலக்கிய நாடக அரங்கைத் தாக்கி ஒரு கட்டுரை கொடுக்கிறார். இதழுக்கு ஆலோசகர் ஃபாதர் பிரவுன். முடியாது என்றார். ஜாய்ஸ் அதே டிலேனியிடம் மேல்முறையீட்டுக்குப் போனார். இந்த முறை டிலேனி தலையிடவில்லை.

ஒரே மாணவன், ஒரே முதல்வர், இரண்டு தடவையும் விஷயம் நாடகம்தான். வாயால் சொன்னது தப்பியது, அச்சுக்குப் போனது மாட்டிக்கொண்டது.

பிறகு நடந்ததும் சுவையானது. பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சம இடம் கேட்டு ஸ்கெஃபிங்டன் என்ற நண்பர் எழுதிய கட்டுரையையும் அந்த இதழ் திருப்பி அனுப்பியிருந்தது. இருவரும் காசு போட்டு ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் இரண்டையும் சேர்த்துச் சின்னப் புத்தகமாக அடித்தார்கள். 85 பிரதி, விலை இரண்டு பென்னி. ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்கவில்லை, அவரவர் கட்டுரைக்கு அவரவரே பொறுப்பு என்று முன்னுரையில் போட்டுவிட்டார்கள். மறுப்பு வாங்கிய இதழைவிட அந்த 85 பிரதிதான் இன்றைக்குப் பேசப்படுகிறது.

சந்தேகப்பேர்வழி

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒன்று பள்ளி, மற்றொன்று கல்லூரி என்ற வித்தியாசத்தையும் மறக்க வேண்டாம்.

முன்னாள் பிரதர்

நான் இயேசு சபைப் பயிற்சியில் சில ஆண்டுகள் இருந்து, பிறகு வெளியே வந்தவன். பயிற்சிக் காலத்தில் எங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். பையன்களுக்கு நாங்கள் 'பிரதர்'. நாடகம் பழக்குவது, படுதா கட்டுவது, மலருக்கு மெய்ப்புப் பார்ப்பது எல்லாம் பிரதர் தலையில்தான்.

மெய்ப்புநோக்கி சார், உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாடகத்தை யார் பார்க்கிறார்கள்? பையன்கள், பெற்றோர், பக்கத்துப் பங்கு ஜனங்கள். எல்லாம் நம் வீட்டு ஆட்கள். மலர் எங்கே போகிறது? சபையின் மாகாணத் தலைவருக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று, கல்வி அதிகாரிக்கு ஒன்று, மற்ற பள்ளிகளுக்கெல்லாம் ஒவ்வொன்று, விளம்பரம் தந்த நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் கட்டாயம் ஒவ்வொன்று. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் எடுத்துக் காட்டி 'உங்கள் பள்ளி சாம்பார் இப்படியா?' என்று கேட்கலாம். இருமலைப் போல இருமிக் காட்டியதை யாரும் கோப்பில் வைக்க முடியாது.

இதற்குப் பின்னால் பழைய பழக்கமும் இருக்கிறது. அச்சு என்றால் முன் அனுமதி என்பது திருச்சபையில் நூற்றாண்டுக் கணக்கில் ஊறியது. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1559இல் வந்தது, 1966இல்தான் அதற்கு வலு போனது. அந்தக் காலத்தில் குருமடத்தில் பயின்றவர்கள்தான் நம் அப்பாக்களுக்கும் நமக்கும் தலைமையாசிரியர்களாக இருந்தார்கள். எழுத்தைக் கண்டால் சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வரும்.

மேடைக்கு நேர்மாறான மரபு. இயேசு சபையின் முதல் பள்ளி 1548இல் சிசிலியின் மெஸ்ஸினாவில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்க அவர்களுடைய பள்ளிகளில் நாடகம் பாடத்தின் ஒரு பகுதி போலவே ஆகிவிட்டது. கூச்சம் போகும், லத்தீன் நாக்கில் உட்காரும், ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு வருவார்கள். நாடகாசிரியர்கள் கால்டெரோன் மாட்ரிட்டில், மோலியேர் பாரிஸில், எழுத்தாளர் வால்டேரும் பாரிஸில், எல்லோரும் அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். வால்டேருக்கு வாத்தியாராக இருந்த ஃபாதர் பொரே தானே லத்தீனில் நாடகம் எழுதியவர். அதே வால்டேர் பிற்பாடு திருச்சபையை என்ன பாடு படுத்தினார் என்பது உங்களுக்கே தெரியும்!

இன்னொன்று. யாக்கோப் பிடர்மன் என்ற ஜெர்மன் இயேசு சபைக் குரு 'செனோடாக்சஸ்' என்று ஒரு நாடகம் எழுதினார். வெளியே புண்ணியவானாகத் தெரிந்து உள்ளே அகந்தையால் அழியும் ஒரு பண்டிதனின் கதை. 1602இல் ஆக்ஸ்பர்க் பள்ளியில் மேடையேறியது. 1609இல் மியூனிக்கில் பார்த்துவிட்டு அரசவைப் பெரிய மனிதர்கள் பதினான்கு பேர் தியானத்துக்குப் போய்விட்டார்கள் என்று சபையிலேயே பெருமையாகச் சொல்வார்கள். அவ்வளவு புகழ் பெற்ற நாடகத்தின் லத்தீன் மூலம் எப்போது அச்சானது? 1666. எழுதியவர் இறந்தே இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது.

சந்தேகப்பேர்வழி

பிரதர், மேடை ஏதோ சுதந்திர பூமி மாதிரி எழுதுகிறீர்களே. 1599இல் இயேசு சபை வெளியிட்ட கல்வி விதிமுறையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டாமா? துன்பியலோ இன்பியலோ லத்தீனில் மட்டும்தான் இருக்க வேண்டும், மிக அபூர்வமாகத்தான் போட வேண்டும், பொருள் பக்தியானதாக இருக்க வேண்டும். பெண் பாத்திரமே கூடாது, பெண் உடையும் கூடாது. இதுவும் ரெக்டருக்கான விதிதான். வெட்டு மேடைக்கும் இருந்தது, பேனாவுக்குப் பதில் விதிப் புத்தகம்.

முன்னாள் பிரதர்

விதி இருந்தது, மறுக்கவில்லை. நடைமுறையைப் பாருங்கள். மிக அபூர்வம் என்றார்கள், வருடா வருடம் நடந்தது. லத்தீன் மட்டும் என்றார்கள், லத்தீன் தெரியாத ஜனங்களுக்காகக் கதைச் சுருக்கத்தை ஊர் மொழியில் அச்சடித்து வாசலில் கொடுத்தார்கள். பெண் வேடம் கூடாது என்றார்கள், பல இடங்களில் ராணியும் வந்தாள், மறைசாட்சியான கன்னியும் வந்தாள். மேடை விதியை ஊருக்கு ஊர் நெகிழ்த்திக்கொண்டே போனார்கள். அச்சு விதியை அப்படி நெகிழ்த்தியதாகச் சொல்ல முடியாது.

லிஃபிக்கரை

அச்சு என்றதும் ஆங்கிலக் கவிஞர் ஹாப்கின்ஸ் நினைவுக்கு வருகிறார். அவரே இயேசு சபைத் துறவி. ஒரு கப்பல் மூழ்கியதில் கன்னியர்கள் இறந்ததைப் பற்றி நீண்ட கவிதை எழுதி 1876இல் சபையின் சொந்த மாத இதழுக்கு அனுப்பினார். போடவில்லை. அந்தக் கவிதை அச்சேற 1918 ஆனது, அப்போது அவர் உயிரோடு இல்லை. சாமியாருக்கே இந்தக் கதி என்றால் பத்தாம் வகுப்புப் பையன் எம்மாத்திரம்!

சந்தேகப்பேர்வழி

அதைத் தணிக்கை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கவிதை ஆசிரியருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் பலருக்குப் புரியாது. புரியாததைத் திருப்பி அனுப்பும் உரிமையை எந்தப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்தும் பிடுங்காதீர்கள்.

கொட்டகைக்காரன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பெண் வேடம் பற்றிக் கதைத்ததால் உள்ளே வந்தேன். எங்கட கத்தோலிக்கக் கரையோர ஊர்களில், குருநகர், பாஷையூர், நாவாந்துறைப் பக்கம், கூத்து என்றால் உயிர். எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி என்று விடிய விடிய ஆடுவார்கள். ஞானசௌந்தரியாக வருவது மீசை மழித்த ஓர் இளைஞர்தான். கோயில் பெருநாளுக்குக் கொட்டகை போட்டால் சுவாமியும் (எங்கட பங்குக் குரு) வந்து இருந்து பார்ப்பார். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த பெடியன் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற பள்ளிக்கூடத்து மேடையில் ஏறும்போது அவனுக்குப் பெண் வேடம் ஒரு பிரச்சினையே இல்லை. 1599ஆம் ஆண்டு விதி பாஷையூர்வரை வந்து சேரவில்லை போல.

முன்னாள் பிரதர் சொன்ன அச்சு விஷயத்துக்கு ஒரு சங்கதி. கூத்துப் பாட்டு அநேகமாக கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியில்தான் இருக்கும். அச்சுக்குப் போகாதபடியால் ஆளுக்கு ஆள் கூட்டலாம், குறைக்கலாம், ஊர்ப் பகிடியைச் செருகலாம். ஆரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரிய மேடையில் போட்ட அதே மன்றம்தான் 'கலைமுகம்' என்ற சஞ்சிகையையும் வெளியிட்டது. குருவானவரே நாடகக்காரராகவும் இருந்தால் சிவப்புப் பேனாவின் வேகம் கொஞ்சம் குறையும் என்பது என் எண்ணம்.

எடிசன் அப்பா

அமெரிக்கப் பக்கம். என் மகன் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் படிக்கிறான். இங்கே பெண் வேடம் எப்படி என்றால், பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியிலிருந்து மாணவிகள் வந்து தேர்வு கொடுத்து நடிக்கிறார்கள். இது இங்கே பரவலான வழக்கம். ஒத்திகைக்குப் பையன்கள் நேரத்துக்கு வருவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது, எந்த ஃபாதரும் ஒத்துக்கொள்வார்.

மாணவர் பத்திரிகைக்குப் பாரம்பரியம் பலமானது. நியூயார்க்கில் ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி என்று 1914இல் தொடங்கிய இயேசு சபைப் பள்ளி, கட்டணமே கிடையாது. அதன் மாணவர் செய்தித்தாள் 'தி ஆவுல்'. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் செய்தி வாசித்துக் கிண்டல் அடிக்கும் கொலின் ஜோஸ்ட் அங்கே படிக்கும்போது அந்தச் செய்தித்தாளின் ஆசிரியராக இருந்தவர்தான்.

சட்டம் என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம். 1969இல் உச்ச நீதிமன்றம் மாணவனின் பேச்சுரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடாது என்று தீர்ப்புச் சொன்னது. 1988இல் மிசூரியின் ஹேசல்வுட் வழக்கில் கொஞ்சம் பின்வாங்கியது. அங்கே தலைமையாசிரியர், மாணவிகளின் கர்ப்பம், பெற்றோர் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் இருந்ததால் பத்திரிகையின் இரண்டு பக்கத்தை அப்படியே தூக்கிவிட்டார். பள்ளி நடத்தும் இதழில் அவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் முடிந்தது. ஆனால் இந்த இரண்டுமே அரசுப் பள்ளி விவகாரம். தனியார் பள்ளியைப் பேச்சுரிமை தரும் அந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியா மட்டும் 1992இல் தனியார் பள்ளிகளுக்கும் நீட்டி ஒரு சட்டம் போட்டது. அதிலும் சமய அமைப்பு நடத்தும் பள்ளிக்கு, கொள்கைக்கு முரண்பட்டால் விலக்கு உண்டு. ஆகமொத்தம் கத்தோலிக்கப் பள்ளி மாணவனுக்கு இங்கேயும் ஃபாதரின் மனசுதான் சட்டம்.

ஸ்டென்சில்

நீங்கள் எல்லோரும் அச்சு மலரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் விடுதியில் வளர்ந்தவன். உண்மையான மாணவர் இதழ் எங்களுக்குக் கையெழுத்துப் பத்திரிகைதான். நீளமான கணக்கு நோட்டுத் தாள், ஒரே பிரதி. கையெழுத்து அழகாக இருப்பவன்தான் ஆசிரியர், எழுதத் தெரிகிறதோ இல்லையோ. படம் வரைய ஒருவன். படிப்பு நேரத்தில் மேசைக்கு அடியில் கை மாறிப் போகும். வார்டனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆண்டு முடிவில் பார்த்தால் அவரிடம் ஒரு இதழ் பத்திரமாக இருந்தது, ஓரத்தில் எழுத்துப்பிழைகளைத் திருத்தி வைத்திருந்தார். கருத்தில் கை வைக்கவில்லை!

பிறகு ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் நூறு பிரதி அடிக்கலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். அங்கேதான் கதை முடிந்தது. இயந்திரம் அலுவலக அறையில் இருந்தது, சாவி கிளார்க்கிடம். நூறு பிரதி என்றதும் 'ஃபாதரிடம் கையெழுத்து வாங்கி வாங்க தம்பி' என்றார். ஃபாதர் படித்தார். அந்த இதழில் அதற்குப் பிறகு இரண்டு பக்கம்தான் மிஞ்சியது.

அதனால் என் கணக்கு இது. பிரதி எண்ணிக்கை கூடக்கூட வெட்டும் கூடும். மேடை என்பது ஒரே ஒரு பிரதி.

முன்னாள் பிரதர்

ஸ்டென்சில் தம்பி சொன்னதைத்தான் நான் நகைக்கடை, ஜவுளிக்கடை என்று சுற்றி வளைத்துச் சொன்னேன்.

மெய்ப்புநோக்கி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது நடைமுறைக்கு வருகிறேன். நூலகப் பீரியடு கட்டுரை எழுதிய பையன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன செய்வது?

சந்தேகப்பேர்வழி

மலரில் சண்டை போடாதீர்கள், தோற்பீர்கள். வகுப்பில் கையெழுத்து இதழ் ஆரம்பியுங்கள், ஒரே பிரதி, நூலகத்திலேயே வையுங்கள். கட்டுரை நூலகத்தைப் பற்றியது, வைக்கும் இடமும் நூலகம். ஃபாதர் கேட்டால் எழுத்துப் பயிற்சி என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

ஸ்டென்சில்

கூடவே ஃபாதரையே அதற்குப் பதில் எழுதச் சொல்லுங்கள் சார். நூலகப் பீரியடில் ஏன் கணக்கு நடக்கிறது என்று அவர் பக்கத்திலும் காரணம் இருக்கும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் அவர் தலைக்கு மேல் தொங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலருக்கே எடுத்துக்கொண்டு போகலாம்.

லிஃபிக்கரை

நாடக மன்றத்துக்கு என் யோசனை: அந்த அப்பா-மகன் கதையைத் தமிழாக்குங்கள். ஆன்ஸ்டி 1934இல் இறந்துவிட்டார், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு போதும், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். லண்டன் வியாபாரி அப்பாவை நம்மூர் அரிசி மண்டி முதலாளி ஆக்குங்கள். 'எங்கள் காலத்தில் விடுதிச் சாப்பாடு அமிர்தம்' என்று மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவரே தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கட்டும். வெட்டிய சாம்பார்க் கவிதையை அங்கே பாட்டாக வைத்துவிடலாம்.

மெய்ப்புநோக்கி

இது பிடித்திருக்கிறது. பெண் பாத்திரங்களைக் கதையிலிருந்து எடுத்துவிடவா, பையனைப் போடவா? பக்கத்தில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி இருக்கிறது, ஆனால் மதர் அனுப்பமாட்டார்.

கொட்டகைக்காரன்

பையனைப் போடுங்கோ சார். சேலை கட்டத் தெரிந்த ஓர் அம்மாவை மட்டும் ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னமே கூப்பிடுங்கோ. நடக்கப் பழக்க வேணும், கடைசி நேரத்தில் கட்டிவிட்டால் படியில் தடுக்கி விழுவான்.

எடிசன் அப்பா

மூலக் கதை ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் நான்கு அத்தியாயத்தை நான் தமிழில் காட்சிகளாகப் பிரித்துத் தருகிறேன், மண்டி வியாபாரப் பேச்சை மட்டும் ஊரில் இருப்பவர்கள் யாராவது எழுதுங்கள். தலைமையாசிரியர் வேடத்துக்கு யார்?

மெய்ப்புநோக்கி

நூலகக் கட்டுரைக்காரன்தான். இன்று மதியம் கேட்டேன். ஃபாதர் மாதிரி ஒரு தடவை இருமிக் காட்டினான்.